லெதர் சோஃபா வெடிக்கிறது, எண்ணெய் தடவலாமா?

6 ஜனவரி, காலை (கேள்வி)

மூன்று பேர் உட்காரும் லெதர் சோஃபா, வாங்கி 12 வருடம். உட்காருகிற இடத்தில் சுருக்கங்கள் எல்லாம் வெடிப்பாகி உள்ளே வெளுத்துத் தெரிகிறது. தலை சாய்க்கும் இடம் பிசுபிசுக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் அப்படியே. இடது கைப்பிடியின் முன்பக்கம் 4 செ.மீ. நீளத்துக்குக் கிழிசல். தோல் காய்ந்துவிட்டது, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும் என்கிறார்கள் வீட்டில். தடவலாமா? எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

6 ஜனவரி, இரவு

தடவாதீர்கள். வீட்டில் பாட்டிலைத் திறப்பதற்குள் நீங்கள் படித்துவிட வேண்டுமே என்றுதான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

சோஃபாவுக்கு வரும் லெதரில் பெரும்பகுதி பூச்சு அடித்தது. பதனிட்ட தோலின் மேல் ஒரு வண்ணப் படலம், அதற்கும் மேல் நிறமில்லாத மெல்லிய பிளாஸ்டிக் படலம். நாம் உட்காருவதும் துடைப்பதும் இந்தப் படலத்தின் மேல்தான். உங்கள் சோஃபாவில் முதலில் வெடித்திருப்பது படலமாகத்தான் இருக்கும். வெளுப்பாகத் தெரிவது அதற்கு அடியிலுள்ள தோலின் சொந்த நிறம். படலம் நன்றாக இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே போகாது, மேலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும். படலம் வெடித்த இடத்தில் உள்ளே போய்விடும், ஆனால் வெளியே வராது. பிறகு அங்கே எந்தப் பசையும் எந்த வண்ணமும் பிடிக்காது.

எந்த வகை லெதர் என்று முதலில் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். முத்தாக நின்றால் பூச்சு அடித்தது. உறிஞ்சி, இடம் கருத்து, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வந்தால் அனிலின், அதாவது சாயம் மட்டும் ஏற்றி மேலே பூச்சு இல்லாமல் விட்டது. மேற்பரப்பு வெல்வெட் மாதிரி இருந்து, விரலால் கோடு போட்டால் தெரிந்தால் நூபக். அதைத் தண்ணீர்ச் சோதனைக்கு உட்படுத்தவே வேண்டாம்.

7 ஜனவரி

நேற்று ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவின் ஒற்றை நாற்காலிதான் காரணம்.

பழுப்பு நிறம், பூச்சில்லாத தோல். அப்பா போன பிறகு அது என்னிடம் வந்தது. நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் இரண்டு வருடம் மாதம் தவறாமல் ஆலிவ் எண்ணெய் தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் தேய்த்த அன்று பளபளவென்று இருக்கும், மனசுக்கு நிறைவாக இருக்கும். முதல் வருட முடிவில் நிறம் இரண்டு படி கருத்தது, அது மீளவே இல்லை. இரண்டாம் வருடம் எண்ணெய் சிக்கடித்தது. மூடிய அறையில் கதவைத் திறந்ததும் அந்த வாடைதான். பிறகு இருக்கையின் முன்விளிம்பில் தையல் விட்டது. எண்ணெயில் ஊறிய பருத்தி நூல், இழுத்தால் கையோடு வந்தது. தோல் கிழியவில்லை, நூல்தான் இற்றுப்போயிருந்தது. அப்பாவின் கை பட்டுப்பட்டு மெருகேறியிருந்த கைப்பிடிக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசமே தெரியாமல் எல்லாம் ஒரே கருமை ஆகிவிட்டது. அதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

9 ஜனவரி

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். தண்ணீர்ச் சொட்டை எங்கே விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் வெடிப்பின் மேல் விட்டிருக்கிறார், உறிஞ்சியதும் அனிலின் என்று முடிவு கட்டிவிட்டார். பூச்சு தேய்ந்த இடம் எதுவானாலும் உறிஞ்சத்தான் செய்யும். யாரும் உட்காராத, கை படாத இடத்தில் விடுங்கள். சோஃபாவின் பின்பக்கக் கீழ்ப்பகுதி சரியான இடம்.

கிழிசல் இருப்பதால் இன்னொன்றும் பார்க்கலாம். கிழிந்த ஓரத்தில் தோலின் குறுக்குவெட்டு என்ன நிறம்? நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் குரோம் உப்பில் பதனிட்டது. பழுப்பாக இருந்தால் மரப்பட்டைத் துவர்ப்பில் பதனிட்டதாக இருக்கலாம். குரோம் தோலை உள்ளே வரை சாயம் ஏற்றியிருந்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

12 ஜனவரி

பின்பக்கம் முத்தாக நின்றது, கிழிசலின் ஓரம் சாம்பல் நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, குரோம் தோல், பூச்சு அடித்தது. உங்களுக்கு இது நல்ல செய்தி, வீட்டில் சரிசெய்யத் தோதான வகை இதுதான்.

பிசுபிசுப்பை முதலில் எடுப்போம். அது அழுக்கு மட்டும் என்றால் இத்தனை முறை துடைத்ததில் போயிருக்கும். தலைமுடி எண்ணெயும் வியர்வையும் வருடக்கணக்கில் ஏறி, படலத்தையே இளக்கிவிட்டன. துடைப்பது மேலே உள்ளதை எடுக்கிறது. உள்ளே ஊறியது மறுநாள் மேலே வருகிறது.

சோப்பு என்று கையில் கிடைப்பதை எடுக்காதீர்கள். பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும். குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். சமையல் சோடாவும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் காரம்தான். ஒருமுறை பட்டால் ஒன்றும் ஆகாது, வாரா வாரம் பட்டால் ஆகும். குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாளும் வேண்டாம். தோலுக்கு இதமானதாயிற்றே என்று சோஃபாவையும் அதால் துடைக்கிறோம், அதிலுள்ள பொருட்கள் மேலேயே தங்கிப் படலத்தை மெல்ல மெல்ல மந்தமாக்குகின்றன. 'மாய ஸ்பாஞ்ச்' என்று விற்கும் வெள்ளை மெலமைன் கட்டி அழுக்கைக் கரைப்பதில்லை, உப்புத்தாள் மாதிரி சுரண்டி எடுக்கிறது. அழுக்கோடு பூச்சும் போகும்.

லெதருக்கென்றே வரும் நடுநிலையான கிளீனரின் நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் எடுத்து வட்டமாகத் தேயுங்கள். நனைக்க வேண்டாம். வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப. துணியில் சோஃபாவின் நிறமே வர ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

தலை சாய்க்கும் இடத்துக்கு இது போதாது. அங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டியிருக்கும். அது பிசுக்கோடு இளகிய படலத்தையும் எடுத்துவிடும் என்பதால், வண்ணம் அடிக்கத் தயாராக இருக்கிறவர்கள் மட்டும் தொட வேண்டும்.

13 ஜனவரி

இன்னொருவர்: "என் சோஃபா தாள் தாளாக உரிகிறது, அடியில் துணி தெரிகிறது."

அது முழுத் தோல் இல்லை. லெதர் துகள்களை அரைத்து, பாலியூரிதேன் சேர்த்துத் துணி மேல் ஒட்டிய பாண்டட் லெதராகவோ வெறும் ரெக்சினாகவோ இருக்கும். காற்றிலுள்ள ஈரமும் நம் வியர்வையும் பாலியூரிதேனைச் சிதைக்கின்றன, உரிவது அதனால்தான். இன்று ஒரு இடத்தை ஒட்டினால் நாளை பக்கத்து இடம் உரியும். எந்தக் கிரீமும் இதை நிறுத்தாது. பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் இதில் விடாதீர்கள். சட்டம் நன்றாக இருந்தால் வேறு துணி போர்த்தித் தைக்கக் கொடுங்கள்.

19 ஜனவரி

கிழிசல். நீளமாக எழுதுகிறேன், நான் அதிகம் தவறு செய்து கற்ற பகுதி இது.

நம் கை தானாகச் செய்ய நினைப்பது இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்து ஒட்டுவதுதான். அது நிற்காது. தோல் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது, உட்காரும்போது இன்னும் அதிகம். ஓரத்தோடு ஓரம் ஒட்டிய ஒட்டுக்கு 1 மி.மீ. தடிமன்தான் பிடிமானம். பிடிமானம் வேண்டுமென்றால் அடியிலிருந்து தாங்க வேண்டும்.

கெட்டியான பருத்தித் துணி, ஜீன்ஸ் துணி என்றாலும் சரி, கிழிசலை விட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதாக வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மையான மூலை உள்ளே மடங்கிக்கொள்ளும், பிறகு தடவினால் மேலே மேடு தெரியும். சாமணத்தால் துணியைக் கிழிசல் வழியே உள்ளே நுழைத்து, தோலுக்கும் நுரைக்கும் நடுவே சுருக்கமில்லாமல் விரியுங்கள். இதற்குப் பசையை விட அதிக நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். பிறகு ஐஸ் குச்சியின் முனையில் வளையும் தன்மையுள்ள லெதர் பசையை எடுத்துத் தோலின் அடிப்பக்கத்தில், துணிக்கும் தோலுக்கும் நடுவே தடவுங்கள். ஓரங்களை ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நகர்த்தி, ஏறிக்கொள்ளாமல் பார்த்து, மேலே பசை ஒட்டாத பட்டர் பேப்பர் வைத்து ஒரு புத்தகத்தை ஏற்றிவையுங்கள். ஒரு இரவு.

ஓரத்தில் இழை இழையாகத் தொங்குவதை முதலிலேயே சின்னக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். நான் அதை ஒட்டித் தேய்த்துவிடலாம் என்று விட்டேன். வண்ணம் அடித்த பிறகு ஒவ்வொரு இழையும் முள் மாதிரி நின்றது.

20 ஜனவரி

கேட்டதற்குப் பதில்: உடனடியாக ஒட்டும் சூப்பர் பசை வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். தோல் வளையும், அது வளையாது. பசையின் விளிம்பில் புதிதாக வெடிக்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் சுரண்டாதீர்கள், தோலின் மேலடுக்கோடு பெயர்ந்து வரும். சுற்றிலும் வெட்டி எடுத்து அந்த இடத்தைப் பெரிய ஓட்டையாகவே நினைத்து அடித்துணி வையுங்கள்.

27 ஜனவரி

இப்போது வெடிப்புகள். ஆல்கஹால் தொட்ட துணியால் இடத்தைத் துடைத்து, காய்ந்ததும் 400 எண் உப்புத்தாளால் வெடிப்பின் விளிம்புகளை மட்டும் தேய்த்து மட்டமாக்குங்கள். அழுத்த வேண்டாம். தூசியைத் துடையுங்கள். பிறகு பைண்டர் என்று விற்கும் பால் போன்ற திரவத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லியதாக நான்கைந்து முறை. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பிரிந்து நிற்கும் நார்களை அது ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஆழமான வெடிப்புக்கு மட்டும் ஃபில்லர் என்ற நிரப்புப் பசை, பாலில் ஆடை படிகிற கனத்தில். ஒரே தடவையில் நிரப்ப ஆசை வரும். வேண்டாம். காய்ந்ததும் 600-இல் தேய்த்து, தேவைப்பட்டால் இன்னொரு ஆடை.

ஹேர் டிரையரில் காயவைக்கலாம், ஆனால் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், கையை நகர்த்திக்கொண்டே இருங்கள். குரோம் தோல் கொதிநீரின் சூட்டுக்கே தாங்கும். துவர்ப்பில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும், சுருங்கியது விரியாது. என்ன தோல் என்று தெரியாதவர்கள் குளிர்காற்றிலேயே காயவிடுங்கள்.

வண்ணம்தான் பொறுமையைச் சோதிப்பது. தண்ணீரில் கரையும் லெதர் வண்ணம், உங்கள் நிறத்துக்கு நெருக்கமான ஒன்று. அப்படியே ஒத்துப்போகாது, கலக்க வேண்டியிருக்கும். கருமையாக்க உடனே கறுப்பை ஊற்றாதீர்கள், பழுப்புச் சோஃபா சேறு நிறமாகிவிடும். சிவப்பும் மஞ்சளும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நெருங்கிய பிறகு கடைசியாகக் கறுப்பு, குச்சி முனையில் தொட்டு. டப்பியில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் மாறும். பின்பக்கம் கீழே ஒரு பொட்டு வைத்துக் காயவைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்திலேயே பாருங்கள். நான் இரவு விளக்கில் கலந்து, அச்சாகப் பொருந்துகிறது என்று இருக்கை முழுவதும் அடித்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்த ஒரு குஷன் மட்டும் செங்கல் நிறம். இரண்டு நாள் வேலை.

பிரஷ் வேண்டாம், கோடு விழும். ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றுங்கள். முதல் அடுக்கு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். கெட்டியாக இன்னொன்று அடித்து மறைக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். ஐந்தாறு மெல்லிய அடுக்கில் சமமாகிவிடும். கடைசியில் டாப் கோட், அதாவது நிறமில்லாத மேல்படலம், மூன்று முறை. பளபளப்பானதை வாங்காதீர்கள், மங்கலோ பாதி மங்கலோ போதும். இந்த டாப் கோட்தான் இனி உங்கள் உடையோடும் வியர்வையோடும் உரசப்போவது, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

2 பிப்ரவரி

எண்ணெய் பற்றி நான் சொன்னதைத் திரும்ப யோசிக்க வைத்துவிட்டார் ஒருவர். "குதிரைச் சேணத்துக்குக் காலங்காலமாக எண்ணெய் போடுகிறார்களே?"

உண்மைதான். தோலுக்கு எண்ணெயே ஆகாது என்பதுபோல் நான் எழுதியது மிகை. தோலுக்குள் கொழுப்பு இருக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகையாகிவிடும். பதனிடும் இடத்திலேயே எண்ணெயைத் தண்ணீரில் பாலாகக் கலந்து, சுழலும் பீப்பாயில் தோலோடு உருட்டி உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். சேணமும் பெல்ட்டும் பெரும்பாலும் துவர்ப்பில் பதனிட்டவை. மழையிலும் வியர்வையிலும் நனைந்து காய்வதில் அந்தக் கொழுப்பு குறையும், திரும்பக் கொடுக்க வேண்டும். அந்த அறிவு சரியானது. அதைச் சோஃபாவுக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. குரோம் உப்பில் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் 1884-இல் காப்புரிமை பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில் முடியும் வேலையாக்கினார். வாரக்கணக்கில் ஊறிய தோல் ஒரு நாளில் தயாராகத் தொடங்கியது. தோல் மாறியது, மேலே பூச்சும் வந்தது. நாம் தாத்தா சொன்ன பராமரிப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

அருங்காட்சியகங்களிலும் இதே கதைதான். பழைய புத்தக அட்டைகளுக்கு லனோலின், தேன்மெழுகு, சீடார் எண்ணெய் சேர்த்த ஒரு கலவை பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயராலேயே பரவியிருந்தது. பல பத்தாண்டுகள் தடவினார்கள். இப்போது பழம்பொருள்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் அதை வழக்கமாகச் செய்வதை விட்டுவிட்டார்கள். கருமை, பிசுக்கு, மேலே வெள்ளை பூத்தல் என்று நன்மையை விடத் தொல்லை கூடியது. சிவப்புப் பொடியாக உதிரும் பழைய துவர்ப்புத் தோல் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடு தோலுக்குள் அமிலமாக மாறி நாரை அறுத்ததன் விளைவு அது. எண்ணெய் அதை மீட்காது. ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸை ஆல்கஹாலில் கரைத்துத் தடவிப் பொடியைப் பிடித்துவைக்கிறார்கள், அவ்வளவுதான் முடிகிறது.

எனவே என் பழைய வரியை இப்படித் திருத்துகிறேன்: பூச்சு அடித்த சோஃபாவுக்கு எண்ணெய் எந்த நிலையிலும் வேண்டாம். பூச்சில்லாத பழைய தோலுக்கு, அனிலினுக்கென்று செய்த கிரீம், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, தொட்டும் தொடாமலும். சமையலறை எண்ணெய் இரண்டுக்கும் ஆகாது.

10 பிப்ரவரி

பால்பாயின்ட் பேனாக் கறை. ஹேர் ஸ்பிரே அடித்தால் போகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். கறையை இளக்குவது அதிலுள்ள ஆல்கஹால். கூடவே பிசின் போன்ற மற்றப் பொருட்களும் தோல் மேல் தங்கும், படலமும் இளகும். கோடு போய் அந்த இடத்தில் நீல மேகம் வரும். பஞ்சுக் குச்சியின் முனையில் ஆல்கஹால் தொட்டுக் கோட்டின் மேல் மட்டும் உருட்டுங்கள். ஒரு உருட்டலுக்கு ஒரு குச்சி. அன்றைக்கே செய்தால் வாய்ப்பு அதிகம். ஒரு வாரம் ஆனால் மை படலத்துக்குள் இறங்கிவிடும், மேலே வண்ணம் அடிப்பதுதான் வழி. அனிலின் என்றால் தொடாமல் விட்டுவிடுவேன்.

எண்ணெய் சிந்தினால் தண்ணீர் வேண்டாம், முகப் பவுடரையோ சோளமாவையோ குவித்து ஒரு இரவு விட்டு உதறுங்கள். பூனை நகம் கீறியதற்குத் தனியாக ஒன்றுமில்லை: இழையை வெட்டு, பைண்டர், வண்ணம்.

24 பிப்ரவரி

பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வரும், துடைத்தாலும் திரும்ப வரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, முடிந்தால் வெளியே வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். அனிலின் என்றால் மறைவான இடத்தில் முதலில் பார்த்துவிடுங்கள், சாயம் கிளம்பலாம். சோஃபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள்: பூஞ்சை போகும், நிறமும் போகும்.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. கிழிசல் எங்கே இருந்தது என்று விரலால் தடவினால்தான் தெரிகிறதாம். தொடுவதற்குக் காய்ந்தாலும் உள்ளே முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை யாரையும் உட்கார விடாதீர்கள். புது ஜீன்ஸோடு ஒரு மாதத்துக்கு யாரும் உட்கார வேண்டாம்.

இருக்கை தொய்ந்திருப்பது பற்றிக் கேட்டிருக்கிறார். அது தோலின் குற்றமில்லை. நுரை அமுங்கிவிட்டது, அதனால் தோல் தளர்ந்து சுருக்கம் விழுகிறது, சுருக்கத்தில்தான் அடுத்த வெடிப்பு வரும். வரிசைப்படி இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். குஷன் உறையின் ஜிப்பைத் திறந்து நுரையைச் சுற்றிப் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு ஒரு சுற்று சுற்றுங்கள். நுரை மொத்தமாகச் செத்திருந்தால் அதே அளவில் புதியது. ஜிப் இருப்பது இதற்காகத்தான். உறையைக் கழற்றித் துவைக்க அல்ல. ஒருவர் வாஷிங் மெஷினில் போட்டு, எடுத்த பிறகு உறை நுரை மேல் ஏறவே இல்லை என்று எழுதியதைப் படித்தேன்.

21 ஏப்ரல்

நடு இருக்கையில் ஒரு இடம் மட்டும் திரும்ப வெடித்திருக்கிறது என்கிறார். படம் பார்த்தேன். விளிம்பு விளிம்பாகப் பெயர்ந்து நிற்பதால் அது தோல் வெடிப்பு இல்லை, ஃபில்லர் வெடிப்பு. அங்கே கனமாக நிரப்பியிருக்கிறார். பெயர்ந்ததை மட்டும் நகத்தால் எடுத்துவிட்டு, 600-இல் லேசாகத் தேய்த்து, பைண்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள், இந்த முறை ஃபில்லர் இரண்டு ஆடைக்கு மேல் வேண்டாம். கலந்து வைத்த வண்ணம் மீதி இருக்கும் அல்லவா? மூடியை இறுக்கி, வெயில் படாமல் வையுங்கள். மற்ற இருக்கைகளைத் தொட வேண்டாம், அவை நன்றாக இருக்கின்றன.